பேர்போன சொல், பேர்கெட்ட சொல்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: கடினமான ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பது, கற்றதை எப்படிக் கையாள்வது. ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, மத்திய அரசுப் பணித் தேர்வுக்காக ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் அடங்கிய பட்டியல் ஒன்றை நாளுக்கு இருபதாக மனப்பாடம் செய்கிறேன். பத்தாம் நாள் வரும்போது முதல் நாள் படித்தவை முற்றிலும் மறந்துபோகின்றன. மறதிக்கு மருந்து உண்டா? (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பட்டதாரி)

பதில்: மறதி உங்கள் குற்றமன்று, அம்மா. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தம்மையே சோதித்து அளந்து, 1885-இல் அதை நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் மறதி மிக வேகமாக நிகழ்கிறது, அதன்பின் மெதுவாகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஒரே மூச்சில் பலமுறை ஓதுவதைவிட, அதே எண்ணிக்கையைப் பல நாட்களுக்குப் பங்கிட்டு ஓதினால் மனத்தில் நிற்கிறது என்பதும் அவர் கண்டதே. அவர் எடுத்துக்கொண்டவை பொருளற்ற அசைகள் என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் தனித்து நிற்கும் ‘ஒப்ஃபஸ்கேட்’ என்ற சொல்லும் உங்களுக்கு அப்படியொரு பொருளற்ற அசைதான்.

பங்கிட்டு ஓதுவதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பியது. நம் ஊரில் அதற்கு ஓர் அல்வாப் பெட்டி போதும். பெட்டிக்குள் அட்டையை வெட்டி நிறுத்தி ஐந்து அறைகள் செய்துகொள்ளுங்கள். சொல்லைத் துண்டுச் சீட்டின் முன்புறத்திலும் விளக்கத்தைப் பின்புறத்திலும் எழுதி முதல் அறையில் வையுங்கள். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, பிந்தியவற்றை இன்னும் தள்ளிப் பாருங்கள். சீட்டைத் திருப்பாமலே பொருள் நினைவுக்கு வந்தால் அது அடுத்த அறைக்குப் போகும். வராவிட்டால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொல் உங்கள் நேரத்தைத் தின்னாமல், தெரியாத சொல் மட்டும் அடிக்கடி வந்து கதவைத் தட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டும்: சீட்டைத் திருப்புவதற்கு முன் நினைவுபடுத்திப் பார்க்கும் அந்தப் பத்து நொடிச் சிரமத்தைத் தவிர்க்காதீர்கள். பொருளைப் பார்த்துக்கொண்டே ‘ஆமாம், தெரியும்’ என்று தலையாட்டுவது படிப்பாகாது.

இனி, பின்புறத்தில் என்ன எழுதுவது என்பதற்கு வருகிறேன். உங்கள் தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவர் தம் விடைத்தாளில், திருநெல்வேலி அல்வாவுக்கு ‘நொட்டோரியஸ்’ ஆன ஊர் என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் சுழித்துவிட்டு அவரை அழைத்துக் கேட்டேன். அவர் கையில் இருந்த கைடில் அந்தச் சொல்லுக்கு நேரே ‘பேர்போன’ என்று ஒற்றைச் சொல்லில் அச்சடித்திருந்தார்கள். தமிழில் அல்வாவுக்கும் பேர்போன ஊர் என்போம். அடிதடிக்கும் பேர்போன ஊர் என்போம். ஆங்கிலத்தில் ‘நொட்டோரியஸ்’ கெட்ட பெயருக்கு மட்டுமே உரியது. மாணவர் எழுதியதை ஓர் ஆங்கிலேயர் படித்தால், நம் அல்வாவைத் தின்று யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார். பையன் மனப்பாடம் செய்ததில் பிழையில்லை. மனப்பாடம் செய்யக் கொடுத்ததில்தான் பிழை. சுழித்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே சீட்டின் பின்புறத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதுவும் உங்கள் வீட்டு வாக்கியமாக இருக்கட்டும். ‘எஃபிமரல்’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ‘ஒரு நாள் அளவே நிற்பது’ என்று பொருள். ‘குறுகிய காலமே நிலைக்கும்’ என்று எழுதி வைப்பதைவிட, மழை விட்ட மாலையில் திண்ணை விளக்கைச் சுற்றிப் பறந்து, விடியும்போது சிறகு உதிர்ந்து கிடக்கும் ஈசலின் வாழ்வு ‘எஃபிமரல்’ என்று எழுதி வைத்தால் ஆயுளுக்கும் மறக்காது. ஒரு நாளைக்கு இருபது சொல் என்பதை ஐந்தாகக் குறையுங்கள். ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று தேர்வில் எப்படிக் கேட்டாலும், வாக்கியத்தோடு கற்ற சொல் கைகொடுக்கும்.

கேள்வி: ஜவுளிக் கடையில் வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் படிக்கிறேன். மொத்தத்தில் எத்தனை சொற்கள் தெரிந்திருந்தால் ஆங்கிலம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்? (சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர்)

பதில்: சொல்லிக்கொள்வதற்கு இருநூறு போதும் என்பதைத் தேர்தல் மேடைகளில் பார்க்கிறோமே! படிப்பதற்கு எத்தனை வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வங்காளத்தில் பல ஆண்டுகள் ஆங்கிலக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருந்தன. அவற்றுக்கு மேல், எந்தத் துறைப் பாடநூலிலும் திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் பொறுக்கி, 570 சொற்குடும்பங்கள் கொண்ட கல்விச் சொற்பட்டியலை ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சொற்குடும்பம் என்றால் ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிகல்’ ஆகியவை சேர்ந்து ஒன்று. நாளிதழையும் நாவலையும் அகராதி இல்லாமல் படிக்க, அதாவது நூறு சொல்லில் தொண்ணூற்றெட்டு தெரிந்திருக்க, 8000 முதல் 9000 குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006-இல் கணக்கிட்டார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள அந்த 570. நம் பிள்ளைகள் அடிப்படைச் சொற்களைப் பள்ளியில் கற்றபின், நேரே யாரும் பேசாத ஆறசை ஏழசைச் சொற்களுக்குத் தாவிவிடுகிறார்கள். ‘இம்ப்ளை’, ‘டெரைவ்’, ‘அஸ்யூம்’ போன்ற, ஒவ்வொரு பக்கத்திலும் வரும் சொற்களில் தடுமாறுகிறார்கள். கடை அடைத்தபின் வாரத்துக்குப் பத்து வீதம் படித்தாலும் ஓராண்டுக்குச் சற்று மேலே அந்த 570-ஐ முடித்துவிடலாம். வானத்தைப் பிடிக்கும் வேலையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பார்க்கக் கூடாது, ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியையே பார்க்க வேண்டும் என்று என் மகளின் ஆசிரியை கண்டிக்கிறார். இது சரியா? (தென்காசியிலிருந்து ஒரு தாயார்)

பதில்: பாதி சரி. தமிழ் வழியாகப் பொருள் புரிந்துகொள்வதில் தவறோ இழிவோ இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற நல்ல அகராதி ஒரு சொல்லுக்குப் பல தமிழ்ச் சொற்களை அடுக்கித் தரும்; அந்த அடுக்கைப் படித்தாலே சொல்லின் பரப்பு தெரியும். ஆனால் இரண்டு மொழிகள் உலகத்தை ஒரே கோட்டில் வெட்டுவதில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். சாரலுக்கு ஆங்கிலம் என்ன என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். ‘டிரிசில்’ என்பாள். ‘டிரிசில்’ என்பது தூறல். மலையில் பெய்து, காற்றில் சாய்ந்து வந்து, வெயில் அடிக்கும்போதே முகத்தில் தெறிக்கும் நம் சாரலை அந்த ஒரு சொல்லில் அடைக்க முடியுமா? அதேபோல அவர்கள் சொல்லும் நம் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்குவதில்லை.

பணத்தை இறுக்கிப் பிடிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃப்ரூகல்’, ‘த்ரிஃப்டி’ என்றால் சிக்கனக்காரர், பாராட்டு. ‘ஸ்டிஞ்சி’ என்றால் கஞ்சப் பிசினாரி. வீட்டுப் பேச்சு, வசவு. ‘பார்சிமோனியஸ்’ என்றால் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வசவுதான், ஆனால் கோட்டு அணிந்துகொண்டு வந்த வசவு. நான்குக்கும் கையடக்க அகராதி ‘சிக்கனமான’, ‘கஞ்சத்தனமான’ என்று மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறது. யாரைப் பற்றி, யாரிடம், எந்தத் தொனியில் என்பதை ஆங்கில அகராதியில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியமே காட்டும். மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். 1978-இல் வெளிவந்த லாங்மேன் மாணவர் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாச் சொற்களையும் விளக்க முயன்றது. பின்னர் வந்த மாணவர் அகராதிகள் பலவும் அந்த வழியில் போகின்றன. முதலில் தமிழில் பார்த்துத் தெளிந்து, பிறகு ஆங்கிலத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும் என்று ஆசிரியையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதையும் அந்த வாக்கியத்திலிருந்தே பழக வேண்டும். நாம் தோசையைச் சுடுகிறோம், புட்டை அவிக்கிறோம், காப்பியைப் போடுகிறோம், அல்வாவைக் கிண்டுகிறோம். காப்பியைக் கிண்டினேன் என்று ஒருவர் சொன்னால் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் அவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் குற்றத்தைக் ‘கமிட்’ செய்வார்கள், முடிவை ‘மேக்’ செய்வார்கள், கவனத்தைப் ‘பே’ செய்வார்கள். காரணம் கேட்டுப் பயனில்லை. காது பழக வேண்டும்.

கேள்வி: லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைக் கற்றால் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தாமாகவே விளங்கும் என்கிறார்களே? (இடையன்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: வேர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்தது பொருத்தம்தான். அங்கே வாழ்ந்து, அங்கேயே அடக்கமான கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டதும் இதே கண்ணோடுதான்.

வேர் பயன்படும் என்பதற்கு, நம் அரசு அலுவலகங்களின் வளாகத்தில் தொங்கும் பலகை ஒன்றையே காட்டுகிறேன். ‘த்ரிஃப்ட் அண்ட் கிரெடிட் சொசைட்டி’ என்பதைப் ‘பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்’ என்று தமிழாக்கியிருப்பார்கள். ‘கிரெடிட்’ என்பதைக் கடன் என்று சொல்லாமல் நாணயம் என்றவர் யாரோ, அவர் கையில் ஒரு மோதிரம் போடலாம். லத்தீனில் அந்த வேருக்கு நம்புதல் என்று பொருள். நாணயமானவன் என்று நம்பித்தானே கடன் கொடுக்கிறார்கள்? இந்த ஒரு வேரைப் பிடித்துக்கொண்டால், ‘கிரெடிபிள்’ நம்பத்தகுந்தது, ‘இன்கிரெடிபிள்’ நம்பமுடியாதது, ‘கிரெடுலஸ்’ எதைச் சொன்னாலும் நம்பிவிடுபவர், ‘இன்கிரெடுலஸ்’ கேட்டதை நம்பாமல் புருவத்தை உயர்த்துபவர் என்று ஒரு குடும்பமே வரிசையில் வந்து நிற்கும். முதல் இரண்டும் பெரும்பாலும் செய்திக்கு, பின் இரண்டும் ஆளுக்கு என்ற வேறுபாட்டை மட்டும் வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். அதேபோல் ‘வால்’ என்ற விருப்பத்தைக் குறிக்கும் வேர்: நல்லதை விரும்புபவர் ‘பெனவலன்ட்’, கெட்டதை விரும்புபவர் ‘மலவலன்ட்’, தாமாக விரும்பி வருபவர் நமக்குத் தெரிந்த ‘வாலன்டியர்’.

ஆனால் வேர் சில இடங்களில் காலை வாரிவிடும். நான்குவழிச் சாலையில் பெட்ரோல் ஏற்றிய டேங்கர் லாரியின் பின்புறம் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று கற்ற மாணவன் அதைத் தீப்பிடிக்காதது என்று படித்தால் என்னாவது? அங்கே ‘இன்’ எதிர்மறை அன்று. சொல் தீப்பற்றுவதைத்தான் குறிக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே இருபதாம் நூற்றாண்டில் ‘ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைப் பாதுகாப்புத் துறையினர் பரப்பினார்கள். ‘எனர்வேட்’ என்ற சொல்லும் இப்படித்தான்: ‘எனர்ஜி’யின் தம்பி போல ஒலிக்கும், பொருளோ சோர்வடையச் செய்வது. மேலும் சொற்கள் காலப்போக்கில் வேரைவிட்டு நெடுந்தூரம் நகர்ந்துவிடும். குறளில் ஐம்புலன்களில் ஒன்றாகவும் மொட்டுக்குள் அடங்கிய மணமாகவும் வரும் ‘நாற்றம்’ இன்று எந்தப் பொருளில் வழங்குகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஆஃபுல்’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் பிரமிப்பூட்டுவதைக் குறித்தது; இன்று சகிக்க முடியாததைக் குறிக்கிறது. வேரைக் கொண்டு ஊகியுங்கள். ஊகத்தை அகராதியில் சரிபாருங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் நம் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றனவா? நெல்லைச் சீமையிலிருந்து ஏதாவது போயிருக்கிறதா? (திசையன்விளையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: நிறைய இருக்கின்றன, தம்பி. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், வெட்டிவேர் ஆகிய நான்கும் ‘கட்டமரான்’, ‘ஷெரூட்’, ‘முல்லிகடானி’, ‘வெட்டிவர்’ என்று ஆங்கில அகராதியில் குடியேறிவிட்டன. போன இடத்தில் வேடமும் மாறும்: உங்கள் கடற்கரையில் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம், இன்றைய ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ என்றால் பெரும்பாலும் இரண்டு உடல் கொண்ட படகு. ‘பறையர்’ என்ற பெயரிலிருந்து சென்ற ‘பரையா’ என்ற சொல்லை ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கில ஏடுகள் இன்றும் எழுதுகின்றன. பொருள் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். ஒரு சமூகத்தின் பெயரை இழிவுக்கு உவமையாக்கிய சொல் அது.

நெல்லைச் சீமையோடு தொடர்புள்ளவை இரண்டைச் சொல்கிறேன். பாளையக்காரர் என்ற சொல் ‘பாலிகர்’ ஆகிக் கம்பெனியின் ஆவணங்கள் வழியே அகராதிக்குள் போயிற்று. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட காலத்துக் கடிதப் போக்குவரத்துகளில் அது வரும். இன்னொன்று ‘டின்னவெல்லி சென்னா’. நம் கரிசல், தேரி நிலங்களில் விளையும் நிலாவாரை இலைக்கு மேலைநாட்டு மருந்து நூல்கள் வைத்த பெயர். அல்வாவால் உலகப் புகழ் பெற்றதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, மருந்து நூல்களோ நம் ஊர்ப் பெயரைப் பேதி மருந்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கின்றன.

கடலுக்கு அப்பாலிருந்து ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடாமலே நல்லது கிடைப்பதை ‘செரண்டிபிட்டி’ என்பார்கள். இலங்கைக்கு வழங்கிய பழைய பெயர்களில் ஒன்று செரண்டிப். அந்நாட்டு இளவரசர் மூவர் வழியெல்லாம் எதிர்பாராததைக் கண்டறிந்த பாரசீகக் கதையை நினைத்து, ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754-இல் ஒரு கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கினார்.

கேள்வி: படித்துக் கற்ற சொற்களைச் சபையில் உச்சரிக்கப் பயமாக இருக்கிறது. (வள்ளியூரிலிருந்து ஒரு வங்கி ஊழியர்)

பதில்: பயம் நியாயமானதே. இருபத்து மூன்று வயதில், நிறைந்த அவையில், ஒரு பெரியவரை எளிமையின் ‘எபிடோம்’ என்று நான் முழங்கினேன். ‘இபிட்டமி’ என்று சொல்ல வேண்டும். முன்வரிசையில் ஒருவர் மட்டும் இருமினார். அந்த இருமல் இன்றும் காதில் இருக்கிறது. ‘ஹைப்பர்போல்’ அன்று, ‘ஹைப்பர்பலி’. ‘சப்டில்’ அன்று, ‘சட்டில்’. கடன் என்ற பொருளுடைய ‘டெட்’ என்ற சொல்லில் ஒலிக்காத ஓர் எழுத்து நிற்கிறதே, அது லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பண்டிதர்கள் பிற்காலத்தில் செருகியது; வாய் அதை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பு கேட்கும். மூன்று முறை கேட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லி, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதைச் சீட்டில் கோடிட்டுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்திலேயே ஒலியைக் குறித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அலுவலகக் கடிதங்களில் உயர்ந்த சொற்களைப் போட்டு எழுதினால் மதிப்பு கூடுமா? (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு எழுத்தர்)

பதில்: கூடாது. விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சலுக்குக் ‘ஃபீவர்’ என்றே எழுதுங்கள். நான் பார்த்த ஒரு கடிதத்தில், குடிநீர்க் குழாய் உடைந்ததை ஒருவர் ‘கேட்டக்ளிசம்’ என்று வருணித்திருந்தார். அது ஊழிப் பெருவெள்ளத்துக்கு உரிய சொல். அதிகாரி அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டுபிடிப்பதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.